எஸ்டிமேட் போடுகிறவர்கள் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு அலுவலர்களுக்கு நடந்த பாலின சமத்துவப் பயிற்சி பற்றிச் சென்ற வாரம் உங்கள் மாவட்டச் செய்திப் பக்கத்தில் படித்தேன். "பல்வேறு துறைகளைச் சேர்ந்த பெண் ஊழியர்கள் ஆர்வத்துடன் கலந்துகொண்டனர்" என்று அதில் ஒரு வரி. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. கூட வந்த படத்தில் மேடையில் இருந்த அதிகாரிகளைத் தவிர ஓர் ஆண் முகம்கூட இல்லை. இவ்வளவு காலமாகப் பத்திரிகை நடத்துகிற உங்களுக்கு அது குறையாகப் படவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். அந்தப் பகுதியின் பொறியாளர்கள், போக்குவரத்துக் கழகத்தார், கணக்கு அதிகாரிகள் எல்லாம் எங்கே என்று உங்கள் நிருபர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நான் ஊராட்சி ஒன்றிய அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இந்த மாதிரிச் சுற்றறிக்கை வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். "பொம்பளைங்க விசயம்தானுங்க அம்மிணி, நீங்களே போயிட்டு வந்துருங்க" என்பார்கள். நாங்களும் போவோம். அங்கே பேசுகிறவர்கள் நல்ல விஷயம்தான் சொல்வார்கள். திரும்பி வந்து அதை யாரிடம் சொல்வது? தெருவிளக்கை எந்தக் கம்பத்தில் போடுவது, பேருந்து நிலையத்தில் பெண்கள் கழிப்பறையை எந்த மூலையில் கட்டுவது, அதற்குக் கதவும் தண்ணீரும் எஸ்டிமேட்டில் உண்டா இல்லையா என்பதெல்லாம் எங்கள் கைக்கு வருகிற விஷயமே இல்லை. அளவு எடுத்து எஸ்டிமேட் போடுகிற ஓவர்சியர், அதற்கு ஒப்புதல் கொடுக்கிற பொறியாளர் இவர்களுக்கு அந்த வகுப்பு நடந்ததாக என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

மத்திய அரசு 2005-06 பட்ஜெட்டிலிருந்தே பெண்களுக்கான ஒதுக்கீட்டைத் தனி அறிக்கையாகக் காட்டுகிறது. முழுக்க முழுக்கப் பெண்களுக்கான திட்டங்கள் ஒரு பகுதி. குறைந்தது 30 சதவீதமாவது பெண்களுக்குப் போகிற திட்டங்கள் இன்னொரு பகுதி. டெல்லியில் அப்படி. எங்கள் அலுவலகத்துக்கும் ஒருமுறை ஒரு படிவம் வந்தது. திட்ட வாரியாகப் பயனாளிகளில் பெண்கள் எத்தனை பேர் என்று கேட்டிருந்தார்கள். குடிநீர்க் குழாய், சாலை, பாலம் எல்லாவற்றுக்கும் எப்படி எண்ணுவது என்று நான் கேட்டேன். மேலாளர் படிவத்தை என் கையிலிருந்து வாங்கி, மக்கள்தொகையில் பாதியைப் போட்டுக் கையெழுத்து வைத்து அனுப்பிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். கீழே இப்படி நிரப்பின எண்தானே மேலே போய் அறிக்கையாகிறது என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அப்புறம் பேருந்து. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல திட்டம், நான் கும்பிட்டு வரவேற்கிறேன். ஆனால் பஸ் ஓடுகிற நேரத்தை யார் எழுதுகிறார்கள்? என் தங்கை மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். ஒன்றரை ஷிப்ட் முடிய இரவு ஒன்பது ஆகிறது. அவள் ஊருக்குக் கடைசி டவுன் பஸ் ஏழே முக்காலுக்கே போய்விடும். ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசில் கூலியில் ஒரு பங்கு கரைகிறது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்தோம். அந்த நேரத்தில் அந்தத் தடத்தில் கூட்டம் இல்லை என்று பதில் வந்தது. பஸ்ஸே இல்லாத நேரத்தில் கூட்டம் எப்படி இருக்கும்?

நூறு நாள் வேலைச் சட்டம் 2005இல் வந்தபோதே, வேலையிடத்துக்கு ஐந்து சின்னக் குழந்தைகள் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலி கொடுத்து அமர்த்த வேண்டும் என்று எழுதியிருந்தது. தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் பெண்கள். எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததெல்லாம் வேப்பமரக் கிளையில் சேலைத் தொட்டில்தான். மஸ்டர் ரோல் என்கிற வருகைப் பதிவேட்டை எழுதினவருக்கு அப்படி ஒரு விதி இருந்ததே தெரியாது.

சொத்து விஷயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று 1989இல் தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தது. அதற்கு முன்பே கல்யாணமானவர்கள் விடுபட்டார்கள். 2005 மத்தியத் திருத்தம் அவர்களையும் சேர்த்தது. அதற்குப் பிறகுதான் என் அக்காவைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், "சீரெல்லாம் செஞ்சாச்சுல்ல" என்று சொல்லி பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அதிகாரி கேட்டது "சம்மதந்தானுங்களே?" மட்டும். சுற்றி நின்றவர்களைப் பார்த்துவிட்டு அவள் தலையாட்டினாள். அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இதில் உனக்கும் பங்கு உண்டம்மா என்று ஒரு வாக்கியம் சொல்ல அந்த அதிகாரிக்கு எந்தப் பயிற்சியும் சொல்லித் தரவில்லையே!

உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் வந்தது. 2019 டிசம்பர் தேர்தலில் நம் ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டக் கிராமங்களில் எத்தனை பெண்கள் தலைவர்களாக வந்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். சாக்கடை வேலைக்கு இடம் பார்க்க வந்த பொறியாளர், தலைவரம்மா பக்கத்தில் நிற்க, அளவை அவர் வீட்டுக்காரரிடம் விளக்கியதை நான் கண்ணால் பார்த்தேன். அந்தப் பெண்கள் பலர் கேட்டுக் கேட்டே வேலை கற்றுக்கொண்டார்கள். 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து, அவர்கள் இடத்துக்கு அரசு நியமித்த தனி அலுவலர்கள் வந்தார்கள். கள்ளுக்கடை மறியலை நிறுத்துவது ஈரோட்டுப் பெண்கள் இருவர் கையில் இருக்கிறது என்று காந்தி சொன்னதாக, பெரியாரின் மனைவி நாகம்மையாரையும் தங்கை கண்ணம்மாளையும் பற்றிப் படித்து வளர்ந்த ஊர்க்காரி நான். அதனால்தான் இவ்வளவு ஆதங்கம்.

2024 பிப்ரவரியில் மாநில மகளிர் கொள்கை வெளியானதை நீங்களும் போட்டிருந்தீர்கள். அதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டியவர்கள் எல்லாத் துறையிலும் இருக்கிற அதிகாரிகள்தான்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்த முறை இப்படி ஒரு பயிற்சி பற்றிச் செய்தி போடும்போது, எந்தெந்தத் துறையிலிருந்து, என்ன பதவியில் இருப்பவர்கள், ஆண்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் வந்தார்கள் என்று இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். பொறியாளர் வரவில்லை என்றால், வரவில்லை என்றே எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெருந்துறை வட்டம்