40 புள்ளிக் கணக்கும் பட்டியலில் இல்லாத கோல் வித்தியாசமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வரும் இங்கிலாந்து பிரீமியர் லீக் புள்ளிப் பட்டியலில் ஆட்டம், வெற்றி, டிரா, தோல்வி, புள்ளி என்று ஐந்து கட்டங்கள்தான் இருக்கின்றன. முதலிடம் யாருக்கு என்று பார்ப்பவருக்கு அது போதும். வியாசர்பாடி, புளியந்தோப்பு டீக்கடைகளில் பேப்பரை விரித்ததும் பலருடைய கண் போவது கடைசி ஐந்து வரிகளுக்கு. 'டீம் நிக்குமா, கீழ போயிடுமா' என்று அங்கே நடக்கும் தகராறில் பாதி, பட்டியலில் கோல் வித்தியாசம் (அடித்த கோலிலிருந்து வாங்கிய கோலைக் கழித்தால் வருவது) இல்லாததால் வருவது. மீதிப் பாதி, '40 புள்ளி எடுத்தால் தப்பிக்கலாம்' என்று செய்தியில் திரும்பத் திரும்ப எழுதுவதால் வருவது.

20 அணிகள், 38 ஆட்டங்கள், கடைசி மூன்று அணிகள் அடுத்த சீசனில் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கும். இதில் 40 என்பது விதி இல்லை, பழைய பழக்கம். 2002-03-இல் வெஸ்ட் ஹாம் 42 புள்ளி எடுத்தும் இறங்கியது. 2004-05-இல் வெஸ்ட் பிராம்விச் 34 புள்ளியோடு தப்பித்தது. 2023-24-இல் 18-ஆம் இடத்து லூட்டன் எடுத்தது 26, அடுத்த ஆண்டு அதே இடத்தில் லெஸ்டர் எடுத்தது 25. அந்த இரண்டு சீசனிலும் இரண்டாம் டிவிஷனிலிருந்து மேலே ஏறி வந்த மூன்று அணிகளுமே வந்த வழியே திரும்பின. ஏறி வந்தவை பலவீனமாக இருந்தால் தப்பிக்கும் எல்லை தாழும், இல்லாவிட்டால் உயரும். ஆகவே எண்ணைப் பார்க்காமல் 17-ஆம் இடத்து அணியைப் பார்க்க வேண்டும்.

இனி கோல் வித்தியாசம். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 33 ஆட்டம் முடிந்திருக்கிறது. 18-ஆம் இடத்து அணிக்கு 7 வெற்றி, 9 டிரா, வெற்றிக்கு மூன்று, டிராவுக்கு ஒன்று என்று ஆக 30 புள்ளி. 17-ஆம் இடத்து அணிக்கு 32. தங்கள் பட்டியலைப் பார்ப்பவர் 'ரெண்டே புள்ளிதானே' என்பார். ஆனால் கீழே இருப்பவரின் கோல் வித்தியாசம் மைனஸ் 31, மேலே இருப்பவருக்கு மைனஸ் 18 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஆட்டத்தில் 13 கோல் ஈடுகட்டுவது, அதுவும் கோல் அடிக்கத் திணறும் அணிக்கு, நடக்கிற காரியமில்லை. புள்ளி சமமானாலும் இறங்குவது இவர்தான். அதாவது இடைவெளி இரண்டு அல்ல, மூன்று. மேலே இருப்பவர் தன் வழக்கமான வேகத்தில் போனாலே 37-ஐத் தொடுவார். இவருக்கு ஐந்து ஆட்டத்தில் 8 புள்ளி தேவை, இரண்டு வெற்றியும் இரண்டு டிராவும். இதுவரையான வேகத்தில் ஐந்து ஆட்டத்துக்கு ஒரு வெற்றிதான் வரும்.

தோற்கும் ஆட்டத்தில் 0-2 என்று இருக்கும்போது எல்லோரையும் முன்னே அனுப்பி 0-5 வாங்குவது ஏன் தப்பு என்பதும் இதில் இருக்கிறது. 1997-98-இல் எவர்ட்டனும் போல்ட்டனும் 40 புள்ளியில் சமமாக நின்றன, கோல் வித்தியாசத்தில் போல்ட்டன் இறங்கியது. அந்த இரு அணிகளும் மோதி 0-0 என முடிந்த ஆட்டத்தில் போல்ட்டனின் ஒரு பந்து கோட்டைத் தாண்டியும் கோல் தரப்படவில்லை. அன்று கோல் கோட்டைக் கண்காணிக்கும் கருவி கிடையாது.

மற்ற அணியைவிட ஓர் ஆட்டம் குறைவாக ஆடிய அணியைப் பற்றி 'கையில் ஒரு ஆட்டம் இருக்கு' என்ற பேச்சுக்கும் இதே வைத்தியம் வேண்டும். கையில் இருப்பது ஆட்டம், மூன்று புள்ளி அல்ல. முதல் நான்கு இடத்தில் உள்ள அணியின் சொந்த மைதானத்தில் அந்த ஆட்டம் என்றால் அரைப் புள்ளிக்கு மேல் மதிப்புப் போடக்கூடாது. மீதி ஆட்டங்கள் யாரோடு, எங்கே என்று ஒரு வரி போட்டால் இந்தச் சண்டை அடங்கும். அடியில் இருக்கும் இருவர் நேருக்கு நேர் மோதுவது எந்தத் தேதி என்பதை மட்டும் தடித்த எழுத்தில் போடுங்கள், புண்ணியமாகப் போகும்.

மஞ்சள் அட்டையும் கணக்கில் வரும். ஒரு வீரர் அணியின் 19 ஆட்டத்துக்குள் ஐந்து வாங்கினால் அவருக்கு ஓர் ஆட்டம் தடை, 32-க்குள் பத்து என்றால் இரண்டு. பந்து கையில் இல்லாமல் ஓடி ஓடித் தடுக்கும் அணியின் நடுக்களக்காரர்தான் இதில் முதலில் மாட்டுவார். புள்ளி வெட்டும் உண்டு: 1996-97-இல் ஓர் ஆட்டத்துக்கு வராமல் போனதற்காக மிடில்ஸ்பரோவுக்கு மூன்று புள்ளி வெட்டினார்கள், 39-இல் முடிந்து இறங்கியது. 2023-24-இல் எவர்ட்டனுக்கு மொத்தம் எட்டு போயும் பிழைத்தது.

எல்லா நாட்டுக்கும் ஒரே விதி என்பதுபோல் எழுதுவதையும் தவிர்க்கலாம். ஸ்பெயினில் புள்ளி சமமானால் முதலில் நேருக்கு நேர் முடிவைப் பார்ப்பார்கள். ஜெர்மனியில் கடைசி இருவர் நேராக இறங்க, 16-ஆம் இடத்தவர் இரண்டாம் டிவிஷனின் மூன்றாம் அணியோடு இரண்டு ஆட்டம் ஆட வேண்டும்.

இதெல்லாம் இங்கே புதிதாகத் தெரிவதற்கு நம் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) ஒரு காரணம். 2018-இல் கோப்பை வென்ற சென்னையின் எப்.சி., அடுத்த சீசனில் 18 ஆட்டத்தில் 9 புள்ளியோடு கடைசி இடம். இறங்கவில்லை, அப்போது ஐ.எஸ்.எல்.-இல் கீழே இறங்கும் விதியே இல்லை.

பக்கத்தில் இடம் பற்றாது என்றால் வெற்றி, டிரா, தோல்வி மூன்று கட்டத்தையும் எடுத்துவிட்டு, கோல் வித்தியாசத்தையும் அடித்த கோலையும் போடுங்கள். பிரீமியர் லீக்கில் கோல் வித்தியாசமும் சமமானால் அடித்த கோல்தான் பார்க்கப்படும். கடைசி நாள் பத்து ஆட்டமும் ஒரே நேரத்தில், வழக்கமாக நம் நேரப்படி ஞாயிறு இரவு 8.30-க்குத் தொடங்கி பத்தரை மணி வாக்கில் முடியும். அந்தப் பட்டியலாவது மறுநாள் நகரப் பதிப்பில் முழுதாக வரட்டும்.

இப்படிக்கு,
கால்பந்து ரசிகர்கள் சிலர்,
வியாசர்பாடி, சென்னை - 39.