டாம் போஸ்டன் அறுபது வயதில் அறிமுகமானவர் அல்லர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், அமெரிக்கத் தொலைக்காட்சியின் பழைய நகைச்சுவைத் தொடர்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். நகைச்சுவை நடிகர் பாப் நியூஹார்ட்டின் அடங்கிய நகைச்சுவையைக் கட்டுரையாளர் நன்றாகவே விளக்கியிருந்தார். ஆனால், 'நியூஹார்ட்' தொடரில் விடுதியின் பழுதுபார்ப்பு வேலைகளைக் கவனிக்கும் ஜார்ஜ் அட்லியாக நடித்த டாம் போஸ்டனுக்கு அந்தக் கட்டுரை ஒரே ஒரு வாக்கியத்தைத்தான் ஒதுக்கியிருந்தது. அந்த ஒரு வாக்கியமும் பிழையாக அமைந்துவிட்டது. சிறு வேடங்களில் காலந்தள்ளிக்கொண்டிருந்த இவர், அறுபது வயதைக் கடந்த பிறகே மக்களுக்கு அறிமுகமானார் என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது. குணச்சித்திர நடிகர்களைப் பற்றி எழுதும்போது பலரும் செய்கிற பிழை இது என்பதால், சற்று விரிவாகவே மறுக்க விரும்புகிறேன்.

'நியூஹார்ட்' சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1982 அக்டோபர் 25 அன்று தொடங்கியபோது போஸ்டனுக்கு 61 வயது என்பது உண்மைதான். ஆனால், அன்றைக்கு அவர் அமெரிக்கத் தொலைக்காட்சிக் கலைஞர்களுக்கான எம்மி விருது பெற்று 23 ஆண்டுகள் ஆகியிருந்தன. நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் கதாநாயகனாக நின்று முடித்திருந்தார். ஒரு விளையாட்டு நிகழ்ச்சியைத் தாமே தொகுத்து வழங்கியிருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, இன்னொரு விளையாட்டு நிகழ்ச்சியில் நடுவர் வரிசையில் பல ஆண்டுகள் அமர்ந்து, அமெரிக்கக் குடும்பங்கள் வாரந்தோறும் பார்த்துப் பழகிய முகமாக இருந்தார். இப்படிப்பட்டவரை அறிமுகமற்றவர் என்று எப்படிச் சொல்வது?

அவருடைய தொடக்கக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1921-இல் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் பிறந்தார். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு வான்படையில் சேர்ந்தார். நார்மண்டித் தரையிறக்கத்தின்போது பாராசூட் வீரர்களை ஏற்றிச் சென்ற விமானங்களில் ஒன்றை ஓட்டினார். போர் முடிந்ததும் நியூயார்க்கில் அமெரிக்க நாடகக் கலைக் கழகத்தில் பயின்று, 1947-இல் ஹோசே ஃபெரர் நடித்த 'சிரானோ டி பெர்ஜராக்' நாடகத்தின் வழியாகப் பிராட்வே மேடை ஏறினார். பின்னாளில் திரையில் ஒரு கதவுக் கைப்பிடியைக்கூடச் சரிசெய்யத் தெரியாதவர்போல் விழித்து நின்றவர், போர்க்கால விமானியாக இருந்தவர் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

1956-இல் என்.பி.சி.யில் தொடங்கிய 'ஸ்டீவ் ஆலன் ஷோ'தான் அவரை நாடறியச் செய்தது. அதில் 'தெருவில் போகிற மனிதர்' என்ற பகுதி ஒன்று உண்டு. ஸ்டீவ் ஆலன் ஒலிவாங்கியுடன் நின்று, வழிப்போக்கர்களிடம் அன்றைய நடப்புகளைப் பற்றிக் கேள்வி கேட்பார். ஒவ்வொரு வாரமும் அதே வழிப்போக்கர்கள் வருவார்கள். விளம்பர நிறுவனத்து மிடுக்குடன் லூயிஸ் நை வருவார். உடல் முழுவதும் நடுங்கிக்கொண்டே, தமக்குப் பதற்றமே இல்லை என்று டான் நாட்ஸ் சாதிப்பார். போஸ்டனிடம் ஆலன் கேட்கும் முதல் கேள்வி, "உங்கள் பெயர் என்ன?" என்பதுதான். அதற்கு விடை சொல்ல அவரால் முடியாது. தம் பெயரை மறந்துவிட்ட மனிதர் அவர்.

கேட்பதற்கு எளிதான வேடிக்கையாகத் தோன்றும். அதை வாரந்தோறும், பார்வையாளர்கள் முன்னிலையில், சலிப்பூட்டாமல் செய்வது எளிதன்று. மறந்துவிட்டது என்று வாயால் சொன்னால் யாரும் சிரிக்கமாட்டார்கள். சொந்தப் பெயரை ஒருவர் உள்ளுக்குள் தேடிப் போவதையும், வெறுங்கையோடு திரும்பி வருவதையும் முகத்தில் காண வேண்டும். அந்தத் தேடலுக்கு அரை வினாடி கூடினாலும் குறைந்தாலும் சிரிப்பு கெட்டுவிடும். இந்தப் பாத்திரத்துக்காகத்தான் 1959-இல், நகைச்சுவைத் தொடர் ஒன்றில் தொடர்ந்து வரும் பாத்திரத்தை ஏற்ற சிறந்த துணை நடிகர் என்ற எம்மி விருது அவருக்குக் கிடைத்தது. விடுதியில் யாராவது ஒரு செய்தியைச் சொன்னால், மற்றவர்கள் அடுத்த பேச்சுக்குப் போன பிறகே அது உறைக்கிற ஜார்ஜ் அட்லியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இனி, தங்கள் கட்டுரையாளர் அறவே விட்டுவிட்ட விளையாட்டு நிகழ்ச்சிகளுக்கு வருகிறேன். 'டு டெல் த ட்ரூத்' என்ற நிகழ்ச்சி 1956 டிசம்பரில் சி.பி.எஸ்.ஸில் பட் காலியர் தொகுப்பில் தொடங்கி, 1967 வரை இரவு நேரத்தில் ஒளிபரப்பானது. மூன்று பேர் வந்து நிற்பார்கள். மூவரும் ஒரே பெயரைத் தம் பெயராகச் சொல்வார்கள். உண்மையான நபரின் வாழ்க்கையைப் பற்றிய உறுதிமொழிப் பத்திரம் ஒன்று வாசிக்கப்படும். நடுவர் வரிசையில் இருக்கும் நால்வரும் மாறிமாறிக் கேள்வி கேட்க வேண்டும். உண்மையான நபர் உண்மையை மட்டுமே சொல்லக் கடமைப்பட்டவர். மற்ற இருவரும் கூசாமல் பொய் சொல்லலாம். முடிவில் ஒவ்வொரு நடுவரும் தம் தேர்வை அட்டையில் எழுதிக் காட்டுவார். அதன் பிறகே உண்மையான நபரை எழுந்து நிற்கும்படி தொகுப்பாளர் அழைப்பார். தவறாக விழுந்த ஒவ்வொரு வாக்குக்கும் 250 டாலர் என்ற கணக்கில் வந்தவர்களுக்குப் பணம் கிடைக்கும். நால்வரும் ஏமாந்தாலும் மூவர் பங்கிட்டுக்கொள்ளும் தொகை 1,000 டாலர்தான்.

டாம் போஸ்டன், பெக்கி கேஸ், ஆர்சன் பீன், கிட்டி கார்லைல் ஆகிய நால்வரும் அந்த நிகழ்ச்சியின் நிலையான வரிசையாகப் பெயர் பெற்றார்கள். இவர்களில் யாரும் வெறும் தொலைக்காட்சிப் பிரமுகர் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். பெக்கி கேஸ், 'ஆன்ட்டி மேம்' நாடகத்துக்காக டோனி விருது பெற்றவர். கிட்டி கார்லைல், 1935-இல் மார்க்ஸ் சகோதரர்களுடன் 'எ நைட் அட் தி ஆப்பரா' திரைப்படத்தில் நடித்தவர். ஆர்சன் பீன், மேடைக் கலைஞர். நிகழ்ச்சித் தயாரிப்பாளர்கள் நடிகர்களைத் தேடி அமர்த்தியதற்குக் காரணம் இருந்தது. கேள்வி கேட்பது அவர்கள் வேலையில் பாதிதான். மற்றவர் கேள்வி கேட்கும்போது, யோசித்துக்கொண்டிருக்கும் முகத்தைப் பார்வையாளருக்குக் காட்டுவது மறுபாதி. ஒத்திகை இல்லாத இடத்தில், கொடுக்கப்பட்ட வசனம் எதுவும் இல்லாமல், தம் பெயரிலேயே அமர்ந்து அதைச் செய்ய வேண்டும்.

இங்கே என் சொந்தக் கருத்து ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். நடுவர்களின் எதிரே வந்து நிற்கும் அந்த மூவரில் பொய் சொல்லும் இருவர், இதற்குமுன் நடித்துப் பழகாத சாதாரண மனிதர்கள். ஆனால், அந்தச் சில நிமிடங்களுக்கு அவர்கள் நடித்தே ஆக வேண்டும். யாருடைய தயக்கம் உண்மையான தயக்கம், யாருடையது பொய்யை அவசரமாகக் கோத்துக்கொள்வதால் வருகிற தயக்கம் என்று பிரித்தறிவதுதான் நடுவர்களின் வேலை. மறதியையும் குழப்பத்தையும் தொழிலாகக் கொண்ட ஒரு நடிகருக்கு இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் கிடைத்திருக்குமா? நாடகக் கழகங்களில் மற்ற மாணவர்களின் தேர்ந்த நடிப்பைத்தான் பார்க்கலாம். போஸ்டனோ, வாரந்தோறும் முன்பின் தெரியாதவர்கள் திணறுவதையும் சமாளிப்பதையும் எதிரே அமர்ந்து பார்த்தார். அதற்குச் சம்பளமும் வாங்கினார்.

1959-ஆம் ஆண்டை மட்டும் தனியே எடுத்துப் பார்க்கும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். மே மாதம் எம்மி விருது. செப்டம்பர் இறுதியில், என்.பி.சி.யின் பகல்நேர விளையாட்டு நிகழ்ச்சியான 'ஸ்ப்ளிட் பர்சனாலிட்டி'க்குத் தொகுப்பாளர் பொறுப்பு. அக்டோபரில், பிராட்வேயில் 'கோல்டன் ஃப்ளீஸிங்' என்ற நகைச்சுவை நாடகத்தில் முதன்மை வேடம். அதில் உடன் நடித்த இளம் நடிகை சுசான் பிளெஷெட். இருவரும் அப்போது நெருங்கிப் பழகிப் பிரிந்து, நெடுங்காலத்துக்குப் பின் 2001-இல் திருமணம் செய்துகொண்டார்கள். பகலில் படப்பிடிப்புத் தளமும் இரவில் மேடையுமாக ஓடிக்கொண்டிருந்த அந்த மனிதருக்கு அப்போது வயது 38.

அதே இலையுதிர்காலத்தில்தான் அமெரிக்க வினாடி வினா நிகழ்ச்சிகளின் மானம் கப்பலேறியது. 'ட்வென்ட்டி ஒன்' நிகழ்ச்சியில் 1,29,000 டாலர் வென்ற சார்லஸ் வான் டோரன், விடைகள் தமக்கு முன்கூட்டியே தரப்பட்டதை நவம்பரில் நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். பெரும்பரிசு நிகழ்ச்சிகள் சரிந்தன. 'டு டெல் த ட்ரூத்' போன்ற நடுவர் விளையாட்டுகள் பிழைத்துக்கொண்டதற்கு, அவற்றின் பரிசு சிறியதாக இருந்தது முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. மக்கள் அவற்றைப் பார்த்தது பணத்துக்காக அல்ல, அந்த நால்வரின் பேச்சுக்காகவும் முகத்துக்காகவும்தான். 'ஸ்ப்ளிட் பர்சனாலிட்டி'க்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. 1960 பிப்ரவரியிலேயே நிறுத்தப்பட்டது.

இவ்வளவு இருந்தும் இந்தப் பகுதி ஏன் மறக்கப்படுகிறது? நடிகர்களின் பணிப் பட்டியலைத் தயாரிப்பவர்கள் வேடங்களை மட்டுமே எண்ணுகிறார்கள். ஒரு திரைப்படத்தில் இரண்டு நிமிடம் தோன்றினால் அது பட்டியலில் ஏறுகிறது; பத்தாண்டு நடுவராக அமர்ந்தாலும் அது பின்னிணைப்பில் 'அவராகவே தோன்றியவை' என்ற தலைப்பின்கீழ் ஒதுங்கிவிடுகிறது. இன்னொரு காரணமும் உண்டு. அக்காலத்துப் பகல்நேர நிகழ்ச்சிகளின் ஒளிநாடாக்கள், செலவை மிச்சப்படுத்துவதற்காகப் பெருமளவில் அழிக்கப்பட்டு மறுபடியும் பயன்படுத்தப்பட்டன. திரைப்படமும் நகைச்சுவைத் தொடரும் மறுஒளிபரப்பில் வாழ்கின்றன. விளையாட்டு நிகழ்ச்சி ஒளிபரப்பான இரவோடு தீர்ந்துவிடுகிறது.

மறுபக்கத்தையும் மறைக்க விரும்பவில்லை. எல்லோருக்கும் தெரிந்த முகமாக இருந்தும், பெரிய தொடர் ஒன்று அவருக்கு நெடுநாள் அமையவில்லை. அவருடன் தெருவில் நின்ற டான் நாட்ஸ், 1960-லேயே 'ஆண்டி கிரிஃபித் ஷோ'வின் துணை ஷெரீஃப் பார்னி ஃபைஃபாக நிலைபெற்றுவிட்டார். போஸ்டன் முதன்மை வேடமேற்ற 'தி காங்க்கரிங் ஹீரோ' என்ற இசை நாடகம் 1961-இல் எட்டே காட்சிகளுடன் முடிந்தது. வில்லியம் கேஸல் இயக்கிய 'ஸாட்ஸ்!' (1962), 'தி ஓல்டு டார்க் ஹவுஸ்' (1963) ஆகிய இரண்டு திரைப்படங்களிலும் அவரே நாயகன். அவை அவரைத் திரை நட்சத்திரமாக்கவில்லை. மெல் ப்ரூக்ஸும் பக் ஹென்றியும் 'கெட் ஸ்மார்ட்' தொடரை ஏ.பி.சி. நிறுவனத்துக்காக எழுதியபோது, ஒற்றர் மேக்ஸ்வெல் ஸ்மார்ட்டாக அவரைத்தான் மனத்தில் வைத்திருந்தார்கள். ஏ.பி.சி. அதைத் தட்டிக்கழித்தது, என்.பி.சி. எடுத்துக்கொண்டது, என்.பி.சி.யுடன் ஏற்கெனவே ஒப்பந்தத்தில் இருந்த டான் ஆடம்ஸுக்கு 1965-இல் அந்த வேடமும், பின்னர் மூன்று எம்மி விருதுகளும் போய்ச் சேர்ந்தன. நடுவர் இருக்கையில் தாமாகவே அமர்ந்திருந்தது, அவரை வேறொருவராகக் கற்பனை செய்வதைத் தயாரிப்பாளர்களுக்குக் கடினமாக்கியதோ என்று சில வேளை நினைத்திருக்கிறேன். அப்படியே இருந்தாலும், அது நழுவிய வாய்ப்பு, அறிமுகமின்மை அன்று.

1970-களில் 'பாப் நியூஹார்ட் ஷோ'வில், நாயகனின் கல்லூரித் தோழர் கிளிஃப் மர்டாக்காக அவ்வப்போது வந்தார். 'மோர்க் அண்ட் மிண்டி'யில், வாழ்த்து அட்டைகளுக்கு இனிய வரிகள் எழுதிப் பிழைக்கும் கடுகடுப்பான அண்டைவீட்டுக்காரர் பிக்லியாக, நாயகன் ராபின் வில்லியம்ஸின் புயல்வேக நடிப்புக்கு நடுவே அசையாமல் நின்றார். மறதிக்கார வேடம் மட்டுமே வரும் என்று அவரை எண்ணியிருந்தவர்களுக்கு அது நல்ல மறுமொழி. 'நியூஹார்ட்' தொடர் 1990 வரை 184 பகுதிகள் ஓடியது. ஜார்ஜ் அட்லிக்காக அவர் மூன்று முறை எம்மிக்குப் பரிந்துரைக்கப்பட்டார். அந்தத் தொடரின் பழைய பகுதிகள் கிடைத்தால், அட்லி பேசும் காட்சிகளைவிட அவர் பேசாத காட்சிகளைப் பார்க்கும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்வேன். பிறர் உரையாடும்போது ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் அந்த முகம், 'டு டெல் த ட்ரூத்' நடுவர் வரிசையில் மூன்று அந்நியர்களை மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்த அதே முகம்.

ஆகவே, அடுத்த ஞாயிறு இணைப்பில் இதற்கொரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்கு இடம் குறைவாக இருந்தால், 'அறுபது வயதுக்குப் பிறகே அறிமுகமானார்' என்ற தொடரை நீக்கிவிட்டு, 1959-இல் எம்மி பெற்றவர், 'டு டெல் த ட்ரூத்' நிகழ்ச்சியின் நெடுநாள் நடுவர் என்ற இரண்டு செய்திகளை மட்டும் அந்த இடத்தில் சேர்த்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்