போன் நன்றாகத்தான் இருக்கிறது, பேட்டரிதான் போய்விட்டது

மாப்ள,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பாப்பாவுக்குத் திருச்சியில் இடம் கிடைத்ததை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், உடனே சாமி படத்துக்கு முன்னால் ஒரு ரூபாய் முடிந்து வைத்துவிட்டார். கடைசி வரியில், இருபதாயிரத்துக்குள் பிள்ளைக்கு என்ன போன் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். போன மாதம் அம்மா போனைத் தூக்கிக்கொண்டு நான் அலைந்த கதையைச் சொன்னால்தான் என் பதில் உனக்குப் புரியும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் வாங்கிய போன் அது. ஒரு நாள் காலையில் பார்த்தால் பின்பக்க மூடி ஒரு ஓரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கிறது, இடுக்கில் நகம் போகிற அளவுக்கு இடைவெளி. பேட்டரி உப்பிவிட்டது. மற்றபடி போனில் ஒரு குறையும் கிடையாது. சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனால், பேட்டரி மாற்ற 4,800 ரூபாய், அதுவும் வரவழைக்கப் பத்து நாள் ஆகும், "எக்ஸ்சேஞ்சில் போட்டுப் புதுசு வாங்கிடுங்க சார்" என்றார்கள். கவுன்ட்டரில் இருந்த பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அம்மாவுக்குக் கண்ணில் புரை எடுத்தது உனக்குத் தெரியும். அந்த போனில் எது எங்கே இருக்கிறது என்று அவர் விரலுக்குத் தெரியும். அக்காவுக்கு வீடியோ கால் போட மேல் வரிசையில் இரண்டாவது, பக்திப் பாட்டுக்குக் கீழே மூலையில். அதைப் பழகவே அவருக்கு ஆறு மாதம் ஆனது. புதுசு வாங்கித் தந்தால் எல்லாம் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அதனால் சனிக்கிழமை பறக்கும் ரயிலில் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு நடந்தேன். ஒரு மாடிப்படிக்குக் கீழே, ஒரு ஆள் மட்டும் உட்காரக்கூடிய கடை. அவர் போனை வாங்கி, பேசாமல் மூடியைத் தடவிப் பார்த்தார். "இதை இனிமே சார்ஜ்ல போடாதீங்க" என்றதுதான் முதல் பேச்சு. சூடான தகட்டின் மேல் பின்மூடி படும்படி போனை வைத்துச் சில நிமிஷம் விட்டார், பசை இளகட்டும் என்று. அப்புறம் மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்றை ஓரத்தில் நுழைத்து, தோசையைக் கல்லில் இருந்து பெயர்க்கிற மாதிரி நாலு பக்கமும் பொறுமையாக ஓட்டினார். மூடி வந்தது. உள்ளே பேட்டரி, வெள்ளிக் காகிதம் சுற்றிய தலையணை மாதிரி புடைத்துக் கிடந்தது. அதையும் அடியில் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டு, காத்திருந்து, மறுபடி விட்டு, இரும்புக் கருவி எதையும் பக்கத்தில் கொண்டு போகாமல் எடுத்தார். ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கலாம். எடுத்ததை மணல் போட்ட டப்பாவில் வைத்த பிறகுதான் அவர் மூச்சு விட்ட மாதிரி எனக்குத் தோன்றியது. முக்கால் மணி நேரம், 1,100 ரூபாய். இப்போது அம்மா ராத்திரி வரைக்கும் பாட்டுக் கேட்கிறார்.

அந்த மனிதரின் கைக்கு நான் கும்பிடு போட்டுத்தான் வந்தேன். ஆனால் ரயிலில் வரும்போது ஒன்றே ஒன்று மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரி என்பது தேயும் என்று தெரிந்தே வைக்கிற பொருள். சைக்கிள் டயர் மாதிரி, விளக்குத் திரி மாதிரி. அதை எதற்குப் பசை போட்டு ஒட்ட வேண்டும்?

நம் கையில் இருந்த நோக்கியா 1100 நினைவிருக்கிறதா, டார்ச் வைத்தது? 2003இல் வந்து, உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற போன் அது. அதில் இருந்த பிஎல்-5சி பேட்டரி இன்றைக்கும் டீக்கடை எஃப்எம் ரேடியோவில் கிடக்கிறது, பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கிறது. 2007 ஆகஸ்டில் அந்தப் பேட்டரிகளில் சில அதிகமாகச் சூடேறலாம் என்று நோக்கியா அறிவித்தது, மொத்தம் 4.6 கோடி பேட்டரிகள். அவ்வளவு பெரிய கோளாறு எப்படித் தீர்ந்தது என்று பார். மூடியைத் தள்ளி, பேட்டரியை எடுத்து, பின்னால் இருக்கும் எண்ணைப் பார்த்து, வேண்டுமென்றால் மாற்றிக்கொள். போன் உன்னிடமே இருக்கும். 2016இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 தீப்பிடித்தபோது பேட்டரி உள்ளே ஒட்டியிருந்தது. 25 லட்சம் போனை முழுசாகத் திரும்ப வாங்கினார்கள், மாற்றிக் கொடுத்ததும் எரிந்தது, அக்டோபரில் அந்த மாடலையே நிறுத்திவிட்டார்கள். நல்ல திரை, நல்ல கேமரா, நல்ல சிப் எல்லாம் ஒரு பேட்டரியால் வாங்கினவர்கள் கையை விட்டுப் போனது.

தண்ணீர் புகாமல் இருக்கத்தான் ஒட்டுகிறோம் என்பார்கள். அதில் நியாயம் கொஞ்சம் இருக்கிறது, மெலிதாகவும் செய்ய முடிகிறது. ஆனால் இதே சாம்சங் 2014இல் விட்ட கேலக்ஸி எஸ்5, தண்ணீரில் விழுந்தாலும் தாங்கும் ஐபி67 தரம் கொண்டது, பின்மூடியை நகத்தாலேயே கழற்றிப் பேட்டரியை மாற்றலாம். ஆக, செய்ய முடியும்.

பேட்டரி சுலபமாக மாறினால் புதுப் போன் விற்பனை குறையும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லாமல் போனது ஆப்பிள் விஷயத்தில். பேட்டரி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தைக் குறைத்தோம், திடீரென்று அணைந்து போகாமல் இருக்க, என்று 2017 டிசம்பரில் ஒத்துக்கொண்டார்கள். எல்லோரும் திட்டியதும் பேட்டரி மாற்றும் விலையை 79 டாலரில் இருந்து 29க்கு இறக்கினார்கள். ஒரு வருஷம் கழித்து, 2019 ஜனவரியில் அப்போதைய ஆப்பிள் தலைவர் டிம் குக் முதலீட்டாளர்களுக்கு எழுதிய கடிதத்தில், சிலர் புது ஐபோனுக்கு மாறாததற்கான காரணங்களில் ஒன்றாக இந்த மலிவுப் பேட்டரியையும் சொல்கிறார். அவர் வாயாலேயே வந்துவிட்டது மாப்ள! பேட்டரி மலிவாகக் கிடைத்தால் ஜனங்கள் பழைய போனிலேயே திருப்தியாக இருக்கிறார்கள்.

இப்போது கூகுளும் சாம்சங்கும், பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 போன்கள் வந்த காலத்தில் இருந்து, பல போன்களுக்கு ஏழு வருஷம் சாஃப்ட்வேர் அப்டேட் தருகிறோம் என்கிறார்கள். அதை நான் மனசாரப் பாராட்டுகிறேன். ஆனால் நாலாம் வருஷம் பேட்டரி களைத்துவிட்டால் மீதி மூணு வருஷ அப்டேட்டை வைத்து என்ன செய்வது?

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20இல் இருந்து ஒரு விதி வந்திருக்கிறது. 800 முறை முழுசாகச் சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் பேட்டரி 80 சதவீதமாவது தாங்க வேண்டும், விற்பனை நிறுத்திய பிறகும் ஏழு வருஷம் உதிரி பாகம் கிடைக்க வேண்டும், எவ்வளவு சுலபமாகப் பழுது பார்க்கலாம் என்ற மதிப்பெண்ணைப் பெட்டியோடு வரும் லேபிளிலேயே போட வேண்டும். நம் நாட்டில் 2022 டிசம்பரில் நுகர்வோர் துறை பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் தொடங்கியது, அது தகவல் தருவதற்கு உதவும், அவ்வளவுதான். சட்டம் வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் ஐபோனே செய்கிறோம், பேட்டரி மாற்றுவதற்கு மட்டும் மாடிப்படிக்குக் கீழே தேட வேண்டுமா?

சரி, பாப்பா விஷயத்துக்கு வருகிறேன். இன்ன போன் என்று பெயர் சொல்லப் போவதில்லை, ஆறு மாதத்தில் மாடல் மாறிவிடும். கடையில் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன்னால், அந்த கம்பெனியின் சர்வீஸ் சென்டர் திருச்சியில் இருக்கிறதா, பேட்டரி மாற்ற இன்றைக்கு என்ன விலை, அப்டேட் எத்தனை வருஷம், இந்த மூன்றையும் கேள். பதில் சொல்லத் தயங்கினால் அடுத்த பெட்டியைப் பார். வந்து ஆறு மாதமாவது ஆன, நிறைய விற்ற மாடலாக எடு, அதற்குத்தான் உதிரி பாகம் எங்கேயும் கிடைக்கும். அப்புறம் ஹாஸ்டலில் தலையணைக்கு அடியில் வைத்து ராத்திரி பூரா சார்ஜ் போட வேண்டாம் என்று சொல், சூடுதான் பேட்டரிக்கு எமன். செட்டிங்ஸில் 80 சதவீதத்தோடு நிறுத்துகிற வசதி இருந்தால் போட்டுவிடு.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. எண்ணெய் தேய்க்கிறாயா, டாக்டரைப் பார்த்தாயா? ஆடிப் பெருக்குக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், காவிரியைப் பார்த்து நாளாகிவிட்டது என்கிறார். உன் அப்பாவின் ரேடியோ பாடவில்லை என்று எழுதியிருந்தாயே, அதன் பின்மூடியைத் திறந்து பேட்டரியில் என்ன எண் எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல். பிஎல்-5சி என்றால் இங்கிருந்தே ஒன்று வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்