நான்கு சுவர்களுக்குள் சொல்லப்படும் சொல்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாள்களாகின்றன. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று அறிந்து நிம்மதி அடைந்தேன். உன் கல்லூரியில் ஒழுங்கு விதிகளைத் திருத்தும் குழுவில் நீ இருப்பதையும், சாதி, மதம், நிறம், பாலினம் ஆகியவற்றின் பெயரால் பிறர் மனத்தைப் புண்படுத்தும் எந்தப் பேச்சும் தண்டனைக்குரியது என்று ஒரு வரி சேர்க்கலாமா என்று விவாதம் நடப்பதையும் எழுதி, என் கருத்தைக் கேட்டிருந்தாய். பதில் எழுதத் தாமதமானதற்குச் சோம்பல் மட்டுமே காரணமன்று. அந்த வரியைப் படித்ததும் அதன் உடன்பிறப்பு ஒன்றை எங்கோ பார்த்த நினைவு வந்தது. பழைய தீர்ப்பு ஒன்றைத் தேடி எடுத்து மறுபடி முழுவதும் படித்தேன்.

மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் நகரில் நான் வந்து இறங்கியது 1989 செப்டம்பரில் என்பது உனக்கு நினைவிருக்கும். அந்த மாதம் 22ஆம் தேதிதான் நீதிபதி ஏவர்ன் கோன், அந்தப் பல்கலைக்கழகத்தின் பேச்சு விதி, பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். அந்த விதி வீம்புக்காகக் கொண்டுவரப்பட்டது அன்று. 1987 தொடக்கத்தில் கறுப்பின மாணவிகள் கூடியிருந்த விடுதி அறையில், கறுப்பினத்தவரை வேட்டையாடலாம் என்று அறிவிக்கும் துண்டறிக்கை ஒன்று போடப்பட்டது. சில நாள்களில் மாணவர் வானொலியில் இனவெறி நகைச்சுவைகள் ஒலிபரப்பாயின. அதைக் கண்டித்து நடந்த ஆர்ப்பாட்டத்தின்போது ஒரு விடுதிச் சன்னலில் வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானின் அங்கி தொங்கவிடப்பட்டது. மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள், சட்டமன்றத்தில் கேள்வி எழுந்தது. 1988 ஏப்ரலில் பல்கலைக்கழக ஆட்சிக்குழு, ஒருவரின் இனம், மதம், பாலினம் முதலியவற்றின் அடிப்படையில் அவரை இழிவுபடுத்தும் சொல்லும் செயலும் தண்டனைக்குரியவை என்று விதி வகுத்தது. எச்சரிக்கையில் தொடங்கி நீக்கம் வரை தண்டனை இருந்தது.

எது குற்றம் என்று மாணவர்களுக்கு விளக்கப் பல்கலைக்கழகம் ஒரு கையேட்டையும் வெளியிட்டது. அதிலிருந்த எடுத்துக்காட்டுகளில் இரண்டை உன் குழுவில் வாசித்துக் காட்ட வேண்டும் என்று விரும்புகிறேன். ஆசிய மாணவர் ஒருவரின் நூலகப் படிப்பறைக் கதவில் இனவெறி வாசகம் எழுதுவது ஒன்று. பெண்கள் இந்தத் துறையில் ஆண்களுக்கு ஈடாக மாட்டார்கள் என்று ஒரு மாணவன் வகுப்பில் சொல்வது மற்றொன்று. இரண்டும் ஒரே பட்டியலில் இருந்தன. முதலாவது ஒரு குறிப்பிட்ட மனிதரின் கதவுக்கு வந்து செய்யப்படும் காரியம். இரண்டாவது தவறான கருத்துத்தான், ஆனாலும் எதிரே அமர்ந்திருக்கும் ஆசிரியரும் மாணவிகளும் எழுந்து மறுக்கக்கூடிய கருத்து. இந்த வேறுபாட்டை விதி எழுதியவர்கள் காணவில்லை என்பதே என் குறை. உயிர் உளவியல் பயின்ற ஓர் ஆராய்ச்சி மாணவர், இன, பாலின வேறுபாடுகள் பற்றிய கோட்பாடுகளை வகுப்பில் விவாதித்தால் தன்மீது புகார் வருமே என்று வழக்குத் தொடுத்தார். வெறுமனே மனத்தைப் புண்படுத்தும் பேச்சையும் இழிவுபடுத்தும் பேச்சையும் எப்படிப் பிரித்தறிவீர்கள் என்று நீதிபதி கேட்டபோது, பல்கலைக்கழக வழக்கறிஞர் சொன்ன பதில் 'மிகவும் கவனமாக' என்பதுதான். சிரிப்பு வந்தாலும், உன் வரிக்கும் இதைவிடச் சிறந்த பதில் என்னிடம் இல்லை.

அந்த விதி நடைமுறையில் யார்மீது பாய்ந்தது என்பது இன்னும் கசப்பானது. பல் மருத்துவ வகுப்பின் அறிமுகக் கூட்டத்தில், எதிர்பார்க்கும் சிரமங்களைச் சொல்லுமாறு கேட்டபோது ஒரு மாணவர், சிறுபான்மை மாணவர்கள் இந்தப் பாடத்தில் திணறுவதாகவும் நியாயமாக நடத்தப்படுவதில்லை என்றும் கேள்விப்பட்டேன் என்றார். அதே பல் மருத்துவப் படிப்பில் முன்பு இருந்த தம் கறுப்பின அறைத்தோழர் வாயிலாக அவர் அதைக் கேட்டிருந்தார். பாடம் நடத்திய சிறுபான்மைப் பேராசிரியை புகார் கொடுத்தார். சரிபார்க்காமல் பேசியதற்கு மாணவர் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. பாகுபாட்டை ஒழிக்க வந்த விதி, பாகுபாடு இருப்பதாகச் சொன்னவனையே பிடித்தது. மெலியவரைக் காக்க என்று எழுதப்படும் விதியானாலும், அதை எடுத்து வீசும் கை நாற்காலியில் இருப்பவருடையதுதானே.

இவ்வளவு சொன்னதால் நான் முழுப் பேச்சுரிமைக் கட்சிக்கு மாறிவிட்டேன் என்று எண்ணிவிடாதே. தீய பேச்சுக்கு மருந்து மேலும் பேச்சே என்று இங்கே அடிக்கடி சொல்வார்கள். மாரி மட்சுடா, சார்ல்ஸ் லாரன்ஸ் போன்ற சட்டப் பேராசிரியர்கள் அந்த நாள்களிலேயே அதை மறுத்து எழுதினார்கள். நேருக்கு நேர் வீசப்படும் இனவசை கன்னத்தில் விழும் அறையைப் போன்றது, அது உரையாடலைத் தொடங்குவதில்லை, எதிரே இருப்பவரின் வாயை அடைக்கிறது என்பது லாரன்ஸின் வாதம். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் விடுதி அறைக் கதவுதான் நினைவுக்கு வருகிறது.

நீயும் மறந்திருக்க மாட்டாய். கல்வி உதவித்தொகை வரும் நாளில் நம் மூன்றாவது அறைத்தோழனின் சாதியையும் தொகையையும் யாரோ கதவில் சாக்குக்கட்டியால் எழுதிவிட்டுப் போவார்கள். அவன் மெஸ்ஸிலிருந்து திரும்புவதற்குள் நீயும் நானும் ஈரத்துண்டால் துடைத்துவிடுவோம். ஒரு நாள் அவன் முன்னதாகவே வந்துவிட்டான். துண்டு என் கையில் இருந்தது, தொகையின் கடைசிச் சுழி இன்னும் அழியவில்லை. ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்ப் படுத்தான். நான்கு நாள் மெஸ் பக்கமே வரவில்லை. அவன் யாருக்கு மறுமொழி சொல்வான், கதவுக்கா? வார்டனிடம் போனால் எழுதியவனைக் கண்டாயா என்று கேட்பார் என்று நாமும் போகவில்லை. துடைத்ததோடு நம் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டோம்.

நான் இங்கே வந்த அதே 1989 செப்டம்பரில்தான் நம் நாட்டில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பிறந்தது. எனவே பட்டியல் சாதி, பழங்குடி மாணவர் ஒருவரைப் பொதுப் பார்வையில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது உங்கள் விதி இல்லாமலே குற்றம். ஆனால் பொதுப் பார்வை என்ற சொல்தான் தடை. வெளியார் எவரும் இல்லாமல் வீட்டின் நான்கு சுவர்களுக்குள் பேசியது அந்தப் பிரிவுக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் கூறியிருப்பதை என்னைவிட நீ நன்கு அறிவாய். விடுதி என்பதோ பெரும்பாலும் நான்கு சுவர்கள்தான். உங்கள் விதிக்கு உண்மையான வேலை அங்கேதான் இருக்கிறது.

ஆகவே 'மனத்தைப் புண்படுத்தும்' என்ற சொற்றொடரை எடுத்துவிடு. ஒரு குறிப்பிட்ட மாணவரைக் குறிவைத்து, அவரது அறை, படுக்கை, தட்டு, கைப்பேசி வரை தேடி வந்து செய்யப்படும் இழிவையும், மிரட்டலையும், விடாத தொல்லையையும் பெயர் சொல்லி எழுது. வகுப்பிலும் மன்றத்திலும் சொல்லப்படும் கருத்தைத் தொடாதே. இடஒதுக்கீட்டை எதிர்த்து ஒருவன் மேடையில் பேசினால் அவனை எதிர்த்துப் பேசும் கடமை உனக்கும் எனக்கும் உண்டே தவிர, அவனை நீக்கும் உரிமை இல்லை. அந்த இடத்தில் கல்லூரி முதல்வர் வாய் திறக்காமல் இருந்தால் அதுதான் பெரிய குற்றம்.

இந்த அளவுகோலும் எங்கும் பொருந்துவதில்லை. 2015இல் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில், பேருந்தில் போய்க்கொண்டிருந்த ஒரு சகோதரத்துவச் சங்கத்து (ஆண் மாணவர்கள் மட்டும் சேரும் தனிச் சங்கம்) மாணவர்கள், கறுப்பினத்தவரை ஒருபோதும் சேர்க்க மாட்டோம் என்று, தூக்கிலிடுவதையும் சேர்த்துப் பாடிய காணொளி வெளியானது. பல்கலைக்கழகத் தலைவர் இருவரை உடனே நீக்கினார். அரசுப் பல்கலைக்கழகம் அப்படிச் செய்ய முடியாது என்று பேச்சுரிமை வழக்கறிஞர்கள் கூறினர். அந்தப் பேருந்தில் குறிவைக்கப்பட்டவர் எவரும் இல்லை, ஆகவே என் அளவுகோலும் அவர்களை விட்டுவிடும். ஆனால் அந்தப் பாட்டு, உறுப்பினர் சேர்க்கையில் நடக்கும் பாகுபாட்டின் வாக்குமூலம் அல்லவா? சங்கத்தை மூடியது சரி என்றே தோன்றுகிறது. மாணவர்களை நீக்கியதில் இன்றும் என் மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை.

வரைவு தயாரானதும் எனக்கு அனுப்பு. அதற்கு முன் நம் மூன்றாவது அறைத்தோழனுக்கு ஒரு படி அனுப்பிவிடு. அவன் எண் உன்னிடம் இல்லையென்றால் நான் தருகிறேன். அந்த நான்கு நாள்களைப் பற்றி அவனிடம் நாம் இதுவரை கேட்டதே இல்லை.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்