கஷாயம் என்று எழுதியது என் தப்பு: பெரு பயண வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள பயண நண்பர்களுக்கு,

வணக்கம். மூன்று வாரமாக ஒரு வாய்ஸ் மெசேஜ் சுற்றிக்கொண்டிருக்கிறது. நாலரை நிமிடம். எனக்கே 11 பேர் அனுப்பிவிட்டார்கள், அதில் ஒருவர் என் சம்பந்தி. நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

ஜூலையில் பெரு போய்வந்த 14 பேர் குழுவில் ஒரு அன்பர் பேசியது அது. பெருவின் அமேசான் காட்டு ஊரான இக்கிடோஸில், அயாவாஸ்கா என்கிற மயக்கக் காட்சி தரும் பானத்தைக் குடிக்கும் சடங்கில் உட்கார வைப்பதாகச் சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு, கடைசி நேரத்தில் நாங்கள் கைவிரித்துவிட்டோம் என்கிறார். நாலு குரூப் தாண்டுவதற்குள் கதை மாறிவிட்டது. இப்போது சொல்லப்படுவது, நாங்கள் வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் போதை மருந்து குடிக்க வைத்தோம் என்று. கொடுக்காமல் ஏமாற்றினேனா, கொடுத்துக் கெடுத்தேனா? யாராவது ஒரு முடிவுக்கு வந்தால் பதில் சொல்ல எனக்கும் வசதியாக இருக்கும்.

கூடவே ஒரு படமும் சுற்றுகிறது. குஸ்கோ ஹோட்டல் வரவேற்பறையில் நம் ஆட்கள் ஆறு பேர் கோப்பையும் கையுமாக நிற்கிற படம். அது கோகா இலை டீ. குஸ்கோ சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். விமானத்தை விட்டு இறங்கியதும் தலை கனக்கும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். அதற்காக ஹோட்டல்களில் வெந்நீரும் இலையும் வைத்திருப்பார்கள். கொக்கெய்ன் எடுக்கும் செடியின் இலைதான் என்றாலும், பெருவில் அந்த டீ சட்டப்படி சரி. ருசி, வைக்கோல் ஊறிய தண்ணீர் மாதிரி. படத்தில் இடது ஓரம் நிற்கிற அம்மா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. அவர் தலைக்கு மேலே "போதை டூர்" என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். என்னைத் திட்டியதைக்கூடத் துடைத்துப்போட்டுவிடுவேன். காசி, கயா என்று ஒரு வேனில் தொடங்கி 19 வருஷமாக நடக்கிற தொழில் இது. ரயிலில் ரசம் சாதம் பரிமாறிய காலத்திலிருந்து கூட வருகிறவர்கள் நீங்கள். ஆனால் அந்த அம்மா தலைக்கு மேல் எழுதிய அந்த இரண்டு வார்த்தை என்னை மூன்று நாள் தூங்க விடவில்லை.

சரி, என் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் அச்சடித்த பயணத் தாளில், "விருப்பமுள்ளோர்க்கு அமேசான் மூலிகைக் கஷாயச் சடங்கு" என்று எழுதியது நான்தான். கஷாயம் என்றதும் சுக்கு, மிளகு, திப்பிலி என்று நினைத்துக்கொண்டவர்களைக் குறை சொல்ல முடியாது.

அது என்ன என்று அப்போதே விளக்கியிருக்க வேண்டும். கெச்சுவா மொழியில் 'அயா' என்றால் ஆவி, 'வாஸ்கா' என்றால் கொடி. கொடியின் பெயர்தான் பானத்துக்கும். அந்தக் கொடியை நசுக்கி, சக்ருனா என்கிற இலையோடு சேர்த்து மணிக்கணக்காகக் காய்ச்சுகிறார்கள். சக்ருனா நம் காப்பிச் செடிக்குச் சொந்தக்காரச் செடி. மயக்கக் காட்சி தருகிற டிஎம்டி அந்த இலையில்தான் இருக்கிறது. ஆனால் இலையை மட்டும் காய்ச்சிக் குடித்தால் ஒன்றும் ஆகாது, நம் குடலிலும் ஈரலிலும் இருக்கும் ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். கொடியில் இருக்கும் ஹார்மின் என்ற சரக்கு அந்த நொதியைக் கட்டிப்போடுகிறது. அத்தனை ஆயிரம் செடியில் இந்த இரண்டைச் சேர்க்க வேண்டும் என்று காட்டுக்குள் இருந்தவர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்களோ, எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

ஆபத்தும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அந்த நொதி முடங்கிக் கிடக்கும்போது, மனச்சோர்வுக்குச் சாப்பிடும் பல மாத்திரைகள், சில இருமல் மருந்துகள்கூட, உடம்பில் செரட்டோனின் என்ற நரம்பு ரசாயனத்தை எக்கச்சக்கமாக ஏற்றிவிடும். காய்ச்சல், வலிப்பு, உயிருக்கே ஆபத்து வரைக்கும் போகலாம். இதய நோய் உள்ளவர்கள், வீட்டில் யாருக்காவது தீவிர மனநோய் இருந்தவர்கள் இதன் பக்கமே போகக்கூடாது. ஒழுங்கான மையங்கள் இதற்காகவே நீளமான படிவம் தருகின்றன. வாய்ஸ் மெசேஜில் பேசிய நம் அன்பர் படிவத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டிருந்தார். சடங்குக்கு முந்தின நாள் இரவு சாப்பாட்டு மேசையில், மீனுக்கு நடுவே சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டை வெளியே வந்தது. என்ன மாத்திரை என்று எழுதமாட்டேன், அது அவர் சொந்த விஷயம். "ஒரு நாள் நிறுத்தினால் போதாதா சார்?" என்றார். போதாது. சில மருந்துகள் உடம்பை விட்டுப் போகவே வாரக்கணக்கில் ஆகும், டாக்டரைக் கேட்காமல் நிறுத்துவதும் ஆபத்து. மையத்திடம் சொன்னேன், அவர்கள் மறுத்துவிட்டார்கள். நான் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இன்னும் சிலர் நினைக்கிறார்கள்.

2019-இல் நான் குடிக்காமல் ஓரமாக உட்கார்ந்து ஒரு சடங்கைப் பார்த்திருக்கிறேன். மலோக்கா என்கிற வட்டமான கூரைக்கொட்டகை. ஆளுக்கு ஒரு மெத்தை, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி. வாந்தி எடுப்பதை அவர்கள் சுத்திகரிப்பு என்கிறார்கள், குடிப்பதற்கே 'புர்கா', அதாவது பேதி, என்றுதான் பேச்சுவழக்கு. விளக்கை அணைத்ததும் மபாச்சோ புகையிலை வாசனை, நம் ஊர்ச் சுருட்டை நாலு மடங்காக்கியது போல. அப்புறம் ஷிபிபோ என்கிற அமேசான் பழங்குடி வைத்தியர் இக்காரோ, அதாவது சடங்குப் பாட்டு, பாட ஆரம்பித்தார். கையில் காய்ந்த இலைக் கொத்து, சக்கப்பா என்பார்கள். அதை ஆட்டுகிற சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டால், சின்ன வயதில் பாட்டி வேப்பிலை வைத்து மந்திரிக்கக் கூட்டிப்போன வீடு ஞாபகம் வந்தது. பக்கத்து மெத்தையில் ஒரு ஜெர்மன்காரர் இரண்டு மணி நேரம் அழுதார். காலையில் பப்பாளி சாப்பிட்டுக்கொண்டே என்னிடம் கிரிக்கெட் பற்றி விசாரித்தார்.

பெரு அரசு 2008-இல் அமேசான் பழங்குடிகளின் அயாவாஸ்கா அறிவையும் பயன்பாட்டையும் தேசியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. பிரேசிலில் சமய வழிபாட்டுக்கு அனுமதி உண்டு. சாண்டோ டாய்மே என்ற சபை 1930 முதல் இதை வைத்தே வழிபாடு நடத்துகிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 2006-இல் அப்படி ஒரு சபைக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னது. நெதர்லாந்தில் 2019-இல் எதிராகத் தீர்ப்பு வந்தது. இந்தியாவில் பேச்சுக்கே இடமில்லை, டிஎம்டி 1985 போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. ஒருவர் இக்கிடோஸ் பெலென் சந்தையின் பாக்கித்தோ சந்தில் பழைய கோலா பாட்டில் ஒன்று நிறைய அயாவாஸ்காவை வாங்கி, துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்தார். நானே ஹோட்டல் வாஷ்பேசினில் கொட்டினேன். கறை போகவில்லை, சுத்தம் செய்யத் தனிக் கட்டணம் போட்டார்கள். கோகா இலைக்கும் அதே கதைதான், டீ பாக்கெட்டாக இருந்தாலும் கொண்டுவராதீர்கள்.

அயாவாஸ்காவுக்கு "சட்டப்படி மாற்று" என்று இணையத்தில் விற்கும் பொட்டலங்களைப் பற்றியும் கேட்கிறீர்கள். ஹர்மல் விதை அதில் முக்கியம். அந்தக் கொடியில் இருக்கும் அதே ஹார்மின் இதிலும் இருக்கிறது, மாத்திரைகளோடு சேர்ந்தால் அதே ஆபத்துதான். விற்க அனுமதி இருப்பதால் வயிற்றுக்கும் அனுமதி என்று ஆகாது.

அடுத்த ஏப்ரல் பயணத்திலிருந்து சடங்கு கிடையாது. அதற்குப் பதில் ஒரு மூலிகைத் தோட்டத்தில் அந்தக் கொடியையும் சக்ருனாவையும் தொட்டுப் பார்க்கலாம். ஒரு மாலை இக்காரோ கேட்கலாம், குடிக்காமல். பூவும் இலையும் ஊறிய தண்ணீரைத் தலையில் ஊற்றும் குளியல் உண்டு, கொசுவுக்கு நடுவே அது ஒரு சுகம். ஷிபிபோ பெண்கள் துணியில் போடுகிற கெனே கோலங்களை நம் அம்மாக்கள் நிச்சயம் விடமாட்டார்கள். ஜூலையில் ஒரு மாமி தரையில் உட்கார்ந்து சிக்குக் கோலம் போட்டுக் காட்ட, அந்தப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து பார்த்ததை நான் மறக்கவே மாட்டேன்.

ஸ்பானிஷ் பேசி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட நம் தம்பி மேல்படிப்புக்குக் கனடா போய்விட்டார். இக்கிடோஸிலேயே ஒரு வழிகாட்டியை அமர்த்தியிருக்கிறோம். ஆங்கிலம் பேசுவார், கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

இத்தனைக்கும் நடுவே, "நீங்க போடுங்க சார், நாங்க வர்றோம்" என்று போன் செய்த 23 குடும்பங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. அந்தத் தலைமை ஆசிரியை அம்மாவே ஏப்ரலுக்கு முதல் பெயர் கொடுத்திருக்கிறார், இந்த முறை தங்கையோடு.

விமானக் கட்டணம் ஏறியதால் பயணத் தொகை ஆளுக்கு ரூ.38,500 கூடும். சடங்குக்காகக் கட்டிய முன்பணம் அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளப்படும், பணமாகத் தர இயலாது.

இப்படிக்கு,
உங்கள் பயண அமைப்பாளர்,
மேற்கு மாம்பலம்

பி.கு.: பெலென் சந்தையில் எடுத்த பழுப்பு நிற மூக்குக்கண்ணாடி அலுவலகத்தில் இருக்கிறது. யாருடையதோ, மாலை ஆறு மணிக்குள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.