இரண்டு மாதம் பொறுத்துக்கொள் என்று சொன்னேனே

பாப்பாவுக்கு,

நேற்று போனில் வேலையை விடப்போகிறேன் என்று நீ சொன்னதும், ஐந்து வருஷம் முடிய இன்னும் இரண்டு மாதம்தானே, வேலையை விட்டுப் போகும்போது தருகிற கிராஜுவிட்டிப் பணம் வந்துவிடுமே, பொறுத்துக்கொள் என்று சட்டென்று சொல்லிவிட்டேன். நீ ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டாய். ராத்திரி தூக்கமே இல்லை, அதான் எழுதுகிறேன்.

விளக்குத்தூண் பக்கம் அந்த ஜவுளிக்கடையில் நான் 11 வருஷம் நின்றேன். வேலை பார்த்தேன் என்பதைவிட நின்றேன் என்பதுதான் சரி. காலை ஒன்பதரைக்கு மாடி ஏறினால் இரவு ஒன்பதரை, தீபாவளி மாதம் என்றால் பன்னிரண்டுகூட ஆகும். ஆள் வராத நேரத்திலும் உட்காரக் கூடாது, சுவரில் சாய்ந்தால் கேமராவில் பார்த்து 50 ரூபாய் பிடிப்பார்கள். பாத்ரூம் போகக் கேட்க வேண்டுமே என்று தண்ணீரே குடிக்க மாட்டோம். என் காலில் சுருண்டிருக்கிற நரம்பைச் சின்ன வயசில் நீ புழு என்பாயே, அது அங்கே வாங்கியதுதான்.

பிறகு ஏன் அத்தனை வருஷம் இருந்தாய் என்பாய். உன் பள்ளிக்கூடச் செலவு ஒரு காரணம்தான், ஆனால் எதிர்க்கடையில் 400 ரூபாய் கூடத் தருகிறோம் என்று கூப்பிட்டும் நான் போகவில்லை. எங்கள் மாடி சூப்பர்வைசர் அண்ணன், மத்தியானம் மூன்று மணிக்குக் கூட்டம் குறைந்ததும், "குடோன்ல கட்டுப் பிரிக்க ஆள் வேணும்" என்று ஒவ்வொருத்தியாக அனுப்புவார். அங்கே பிரிக்க ஒன்றும் இருக்காது. பத்து நிமிஷம் சேலை மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டு வருவோம். அவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை, நாங்களும் பேசியதில்லை. அவரை வேறு கிளைக்கு மாற்றினார்கள், புதிதாக வந்தவர் குடோனைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். ஆறே மாதத்தில் ஏழு பேர் கிளம்பிவிட்டோம். முதலாளி கடைசிவரை, "சம்பளம் பத்தலையாம்மா?" என்றுதான் கேட்டார்.

கடையில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளாவில் 2018-லும் நம் தமிழ்நாட்டில் 2021-லும் சட்டத்தைத் திருத்தினார்கள். போன மாதம் அந்தக் கடைக்குள் எட்டிப் பார்த்தேன். ஸ்டூல் இருக்கிறது, அதன்மேல் சேலை அடுக்கியிருக்கிறார்கள்!

கிராஜுவிட்டி என்று நான் துடித்ததற்கும் காரணம் உண்டு. ஐந்து வருஷம் தொடர்ந்தால்தானே அது, அதனால் நாலரை வருஷத்துக்கு ஒருமுறை கணக்கு முடித்து மறுபடி புதிதாகச் சேர்த்த மாதிரி எழுதிக்கொண்டார்கள். எனக்குக் கிடைத்தது ஒரு சேலையும் ஒரு டப்பா ஸ்வீட்டும். அந்த ஆதங்கத்தை உன் தலையில் இறக்கிவிட்டேன்.

கிராஜுவிட்டி என்பது வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்று வைத்துத்தான் ஒரு நாள் சம்பளத்தைக் கணக்கிடுவார்கள். போட்டுப் பார்த்தால் உனக்கு வருவது அடிப்படைச் சம்பளத்தில் மூன்று மாதத்துக்கும் கொஞ்சம் குறைவு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனாலே வயிறு பிசைகிறது என்றாயே, அதற்கு இது ஈடா என்று எனக்கே தெரியவில்லை.

ஆனால் ஒன்று. உன் ஆஃபர் லெட்டரில் நோட்டீஸ் எத்தனை நாள் என்று பார். நோட்டீஸில் வேலை பார்க்கும் நாளும் சர்வீஸ்தான், 90 நாள் என்றால் நாளைக்கே எழுதிக்கொடுத்தாலும் ஐந்து வருஷம் தாண்டிவிடும். முன்னாடியே விடுவித்தார்கள் என்றால் போகட்டும், பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடு. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கிற பிஎஃப் பணத்தை மட்டும் எடுத்துவிடாதே, அடுத்த வேலைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அம்மா