குடும்பப் பெயர் ஒன்றென்றால் வம்சமும் ஒன்றா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காட்டுக் கல்லறைகளிலும் பழைய எஸ்டேட் பத்திரங்களிலும் காணப்படும் ஆங்கிலக் குடும்பப் பெயர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். சேர்வராயன் மலையின் அண்மைக்கால வரலாற்றை எழுத ஒருவர் முன்வந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், ஒரே குடும்பப் பெயரைத் தாங்கியவர்கள் அனைவரும் ஒரே மூதாதையின் வழிவந்தவர்கள் என்றும், ஐயமிருப்போர் எச்சில் மாதிரியை அனுப்பி மரபணுச் சோதனை செய்துகொண்டால் தங்கள் வம்சம் தெளிவாகிவிடும் என்றும் அதில் எழுதியிருப்பது சரியன்று. நெடுங்காலம் பள்ளியில் மரபியல் பாடம் நடத்தியவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாக எழுத வேண்டியது என் கடமை என்று நினைக்கிறேன்.

இங்கிலாந்தில் குடும்பப் பெயர் தொன்றுதொட்டு வந்த வழக்கம் அன்று. 1066-ல் நார்மானியர் அந்நாட்டைக் கைப்பற்றிய பிறகு, முதலில் நிலவுடைமையாளர்களிடம் தோன்றி, பின்னர் குடியானவர்களிடமும் கைவினைஞர்களிடமும் பரவி, 1400-ஆம் ஆண்டை ஒட்டித்தான் பெரும்பாலான குடும்பங்களில் தந்தையிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்லும் நிலையான பெயராக அது ஊன்றியது. யாருக்கு எந்த நிலம், யாரிடம் எவ்வளவு வரி என்று எழுதிவைக்க வேண்டியிருந்ததும் இதற்கு ஒரு காரணம். 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளின் தலைவரிப் பட்டியல்களில், ஒருவனுடைய தொழிலோ, ஊரோ, தந்தையின் பெயரோ, உடல் அடையாளமோ அவன் பெயரோடு சேர்ந்திருப்பதைக் காணலாம். ஊருக்கு ஊர் கொல்லன் இருந்ததால் ஊருக்கு ஊர் ஸ்மித் என்ற பெயர் தனித்தனியாகவே தோன்றியது. இன்று இங்கிலாந்தில் மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயர் அதுதான். அதனாலேயே அதைக் கொண்டு உறவு கொண்டாட முடியாது.

நம் மாவட்ட வரலாற்றோடு பிணைந்த சில பெயர்களையே எடுத்துக்கொள்வோம். 1792-ல் பாராமஹாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதி) சேலமும் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது நிர்வாகப் பொறுப்பை ஏற்றவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட்; பின்னாளில் சென்னை ஆளுநரான தாமஸ் மன்றோ அவருக்கு உதவியாளராக இங்கே பணியாற்றினார். ரீட் என்ற பெயருக்குக் குறைந்தது மூன்று பிறப்பிடங்கள் உண்டு. சிவந்த முடியோ முகமோ உடையவனை அப்படி அழைத்தார்கள். காடு திருத்திய வெளியில் குடியிருந்தவனையும் அழைத்தார்கள். லங்காஷயரில் அதே பெயரில் ஓர் ஊரும் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதை நான்கு விதமாக எழுதுகிறார்கள், அவற்றுள் ஒன்று ஸ்காட்லாந்துக்கு உரியது. தமிழில் எழுதும்போது நான்கும் ஒன்றாகி, வேறு வேறு குடும்பங்கள் ஒரே குடும்பமாகத் தோன்றிவிடுகின்றன. கட்டுரையாளர் கல்வெட்டுகளில் கண்ட எழுத்துகளை அப்படியே குறித்து வைத்திருந்தால் இந்தக் குழப்பத்தில் பாதி நேர்ந்திருக்காது.

1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்து, ஏற்காட்டில் காபியை அறிமுகம் செய்தவரின் குடும்பப் பெயர் இதற்கு நேர் எதிரானது. நாம் காக்பர்ன் என்று எழுதுவதை அவர்கள் கோபர்ன் என்றே உச்சரிக்கிறார்கள். அது ஆங்கிலப் பெயரே அன்று. ஸ்காட்லாந்தின் தென்கிழக்கு எல்லையில் உள்ள பெர்விக்ஷயரின் ஓர் இடப்பெயர். குறிப்பிட்ட ஓர் இடத்திலிருந்து கிளைத்த பெயர் என்பதால், அதைத் தாங்கியவர்கள் மிகச் சில மூலக் குடும்பங்களிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இதுவும் வாய்ப்புதானே தவிர, நிரூபணம் ஆகாது. பண்ணையாட்களும் சில சமயம் நிலத்தின் பெயரையே தம் பெயராகக் கொண்டதுண்டு.

கட்டுரையில் மிகுதியாகப் பேசப்பட்ட ஃபூட் என்ற பெயரைப் பற்றி மட்டும் சற்று நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். 1863-ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து, இந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்கே வித்திட்ட ராபர்ட் புரூஸ் ஃபூட், இங்கிலாந்தின் செல்டன்ஹாம் நகரில் 1834-ல் பிறந்தவர். ஓய்வுபெற்ற பின் ஏற்காட்டைத் தம் இருப்பிடமாக்கிக் கொண்டவர். பாதத்தில் ஏதேனும் தனித்தன்மை உடையவனுக்கு வைத்த பட்டப்பெயரே அவருடைய குடும்பப் பெயருக்கு மூலம் என்பது பரவலான விளக்கம். மலையடிவாரத்தில் குடியிருந்தவனைக் குறித்திருக்கலாம் என்றும், ஸ்காண்டினேவியர் வைத்துக்கொண்ட ஓர் இயற்பெயரிலிருந்து வந்திருக்கலாம் என்றும் வேறு விளக்கங்கள் உண்டு. 1881-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைக் கொண்டு பிரிட்டனில் குடும்பப் பெயர்களின் பரவலை வரைபடமாக்கியிருக்கிறார்கள். ஃபூட் என்ற பெயர் டெவன் உள்ளிட்ட தென்மேற்கு மாவட்டங்களில் அடர்ந்திருப்பதை அதில் காணலாம். இப்படி ஒரு பகுதியில் பெயர் அடர்ந்திருந்தால் அங்கே அதற்கு ஆழ்ந்த வேர் உண்டு என்று கொள்ளலாம். அங்கே ஒரு வேர்தான் உண்டு என்று சொல்ல வரைபடம் மட்டும் போதாது.

இந்த இடத்தில்தான் மரபணு ஆய்வு துணைக்கு வருகிறது. ஆங்கிலக் குடும்பப் பெயர் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வது போலவே, ஆண்களிடம் மட்டுமே உள்ள மரபணுத் தாங்கியான ஒய் குரோமோசோமும் தந்தையிடமிருந்து மகனுக்குப் பெரிதும் மாறாமல் செல்கிறது. ஆகவே ஒரே பெயருடைய இரண்டு ஆண்களின் ஒய் குரோமோசோம்களை ஒப்பிட்டு, அவர்கள் ஒரே தந்தைவழியினரா என்று ஓரளவுக்குச் சொல்ல முடியும். 2000-ஆம் ஆண்டில் பிரையன் சைக்ஸ் என்ற மரபியல் அறிஞர் தம் பெயரையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். சைக்ஸ் என்றால் சிற்றோடை. யார்க்ஷயரில் சிற்றோடைகளுக்குப் பஞ்சமில்லை என்பதால் பல குடும்பங்கள் தனித்தனியாக அப்பெயரைப் பெற்றிருக்கும் என்றே எழுத்துச் சான்றுகளிலிருந்து எதிர்பார்த்திருந்தார்கள். சோதித்துப் பார்த்தால், அப்பெயருடைய ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஒரே வகை ஒய் குரோமோசோம் இருந்தது. அது அப்பகுதியின் மற்ற ஆண்களிடம் காணப்படவில்லை. பெயரின் பொருளை மட்டும் வைத்து முடிவு கட்டுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இது நல்ல பாடம். என் தரப்புக்கு எதிராகவும் பேசக்கூடிய சான்று என்பதாலேயே இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

பின்னர் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங், மார்க் ஜாப்லிங் ஆகிய இருவரும் 40 குடும்பப் பெயர்களைச் சேர்ந்த 1,600-க்கும் மேற்பட்ட ஆண்களை ஆராய்ந்து 2009-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். நாட்டிங்ஹாம்ஷயர் ஊர் ஒன்றின் பெயரிலிருந்து வந்த அட்டன்பரோ என்ற அரிய பெயரைத் தாங்கியவர்களில் கிட்டத்தட்டப் பத்தில் ஒன்பது பேர் ஒரே தந்தைவழியினராக இருந்தார்கள். ஸ்மித் என்ற பெயருடையவர்களோ, தெருவில் போகும் யாரோ எவரோ போலவே ஒருவருக்கொருவர் தொடர்பற்று இருந்தார்கள். ஆக, பெயர் எவ்வளவு அரியதோ அவ்வளவுக்கு இரத்த உறவுக்கான வாய்ப்பு கூடுகிறது என்பதே பொது விதி. எல்லாப் பெயருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது.

கொங்கு நாட்டு வாசகர்களுக்கு இதைக் கூட்டம் என்னும் குலப்பிரிவோடு ஒப்பிட்டுச் சொன்னால் எளிதில் விளங்கும். கூட்டத்தின் பெயரும் தந்தைவழியே வருகிறது. ஒரே கூட்டத்தார் பங்காளிகள் என்பதால் அவர்களுக்குள் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இல்லை. ஆங்கிலக் குடும்பப் பெயருக்கு அப்படி ஒரு கட்டுப்பாடு என்றைக்கும் இருந்ததில்லை. ஒரு ஸ்மித் இன்னொரு ஸ்மித்தை மணப்பதில் அங்கே யாருக்கும் மனத்தடை கிடையாது. கட்டுரையாளர் நம்மூர் வழக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு அந்நாட்டுப் பெயர்களை அளந்துவிட்டார் என்றே எனக்குப் படுகிறது.

பெயர் ஒருபக்கம் போக, இரத்தம் மறுபக்கம் போவதும் உண்டு. தத்து, மறுமணத்தில் வந்த பிள்ளைகள், சொத்துக்காகப் பெயர் மாற்றிக்கொள்வது, திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைகள் எனக் காரணங்கள் பல. அரச குடும்பமும் இதற்கு விலக்கன்று. 2012-ல் லெஸ்டர் நகரத்து வாகன நிறுத்துமிடம் ஒன்றின் அடியில் கிடைத்த மூன்றாம் ரிச்சர்ட் மன்னரின் எலும்புக்கூடு, தாய்வழி டி.என்.ஏ. ஒத்துப்போனதால் அடையாளம் காணப்பட்டது. ஆனால் ஆவணங்களின்படி அதே தந்தைவழியில் வந்தவர்களாக இன்று வாழும் ஐந்து ஆண்களில் ஒருவருடைய ஒய் குரோமோசோமும் மன்னருடையதோடு ஒத்துப்போகவில்லை. இடைப்பட்ட தலைமுறைகளில் எங்கோ சங்கிலி அறுந்திருக்கிறது. 2007-ல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், கிழக்கு யார்க்ஷயரின் அரிய குடும்பப் பெயர் ஒன்றைத் தாங்கிய 18 ஆண்களில் 7 பேரிடம் மேற்கு ஆப்பிரிக்காவுக்கே உரிய ஒய் வகை காணப்பட்டது. தோற்றத்திலும் குடும்ப நினைவிலும் அவர்கள் முழு ஆங்கிலேயர்கள்.

பெண்வழியைக் குடும்பப் பெயர் அறவே மறைத்துவிடுகிறது என்பதையும் மறக்கக் கூடாது. ஃபூட் மணந்தது பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகளை. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கியவரும், தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவரும் அந்தப் பெர்சிவலே. இத்தகைய திருமணத்தில் பிறக்கும் பிள்ளைகளுக்குத் தாய்வழிப் பாட்டனாரின் பெயரும் வராது, அவருடைய ஒய் குரோமோசோமும் வராது; ஆனால் அவருடைய இரத்தம் அவர்களிடம் உண்டு. தமிழர்களாகிய நமக்கு ஃபூட்டைவிட நெருக்கமாக இருந்திருக்க வேண்டிய பெயர், கட்டுரையில் ஓரிடத்திலும் வராமல் போனது இந்தக் காரணத்தால்தான் என்று நினைக்கிறேன்.

நம் பகுதியில் இச்சிக்கல் இன்னும் கூடுதல். ஞானஸ்நானத்தின்போது பாதிரியார் அல்லது ஞானத் தந்தையின் நினைவாக ஆங்கிலப் பெயரைப் பெற்ற தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் உண்டு. அவர்களிடம் பெயர் இருக்கிறது, இரத்தத் தொடர்பு இல்லை. மறுபுறம், தோட்டத் துரைமார்களுக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்து, தந்தையின் பெயர் மறுக்கப்பட்ட பிள்ளைகளின் வழியினர் உண்டு; அவர்களிடம் இரத்தம் இருக்கிறது, பெயர் இல்லை. நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 366-ஆவது பிரிவுகூட, தந்தைவழியில் ஐரோப்பியரைக் கொண்டவரையே ஆங்கிலோ இந்தியர் என்று வரையறுக்கிறது. பெயரையும் தந்தைவழியையும் மட்டும் பார்த்து வம்சம் எழுதினால், ஏற்கெனவே விடுபட்டவர்களை மறுபடியும் விட்டுவிடுவோம். இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் விஷயம்.

கட்டுரை பரிந்துரைக்கும் சோதனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இத்தனை சதவீதம் பிரிட்டிஷ், இத்தனை சதவீதம் தென்னிந்தியர் என்று அறிக்கை தரும் சோதனை, குறிப்பிட்ட ஒரு துரையின் வழிவந்தவர் என்பதை நிறுவாது. பிரிட்டனில் பாதிக்கும் மேற்பட்ட ஆண்கள் ஆர்1பி என்ற ஒரே பெரும் ஒய் பிரிவைச் சேர்ந்தவர்கள் என்பதால், அந்த அளவில் ஒத்துப்போவதற்கும் மதிப்பில்லை. ஆவணங்களால் வம்சம் உறுதிப்பட்ட ஒருவருடைய ஒய் குரோமோசோமை நுணுக்கமான பல குறியீடுகளில் ஒப்பிட்டு, அதோடு தேவாலயப் பதிவேடுகளையும் வைத்துப் பார்த்தால்தான் ஏதேனும் சொல்ல முடியும். பெண்களுக்கு ஒய் குரோமோசோம் இல்லாததால் அவர்கள் நேரடியாக இச்சோதனையைச் செய்துகொள்ளவும் முடியாது. தந்தையோ சகோதரனோ முன்வர வேண்டும்.

பதிவேடுகள் கிடைக்காதவை அல்ல. சென்னை மாகாணத் தேவாலயங்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பற்றிய குறிப்புகளின் படிகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா அலுவலக ஆவணங்களோடு பாதுகாக்கப்பட்டு வருகின்றன. ஏற்காட்டுக் கல்லறைகளிலோ நிலைமை வேறு. மழையும் பாசியும் சேர்ந்து கல்லெழுத்துகளைத் தின்றுகொண்டிருக்கின்றன. பல கற்களில் ஆண்டின் கடைசி இலக்கத்தையும், பெயரின் இறுதி எழுத்தையும் விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ஒரு குடும்பத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது பல சமயம் அந்த ஓர் எழுத்துதான்.

ஆகவே தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். மேற்கண்ட கூற்றுகளுக்கு அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தம் வெளியிட வேண்டும். இத்தொடர் நீளுமானால், ஒவ்வொரு கல்லிலும் உள்ள பெயரை ஆங்கில எழுத்து மாறாமலும், மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர் குறிக்கப்பட்டிருந்தால் அதையும் சேர்த்தும், கல்லின் படத்தோடு அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
அஸ்தம்பட்டி, சேலம்.